தனுஷ்கோடியின் பழைய படங்கள்: தண்டவாளத்தில் தொடங்கிய ஓர் ஆய்வு

மண்டபத்தில் குடியிருக்கும் ஒரு ரயில்வே குடும்பத்தாரிடம் பிஸ்கட் தகர டப்பா நிறையப் பழைய படங்கள் இருக்கின்றன. மூன்று தலைமுறையாக ரயிலில் வேலை பார்த்த குடும்பம். பாட்டனார் கலாசி, அதாவது ரயில்வேயில் உடலுழைப்புத் தொழிலாளி. அவர் மகன் தனுஷ்கோடியில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிக்குத் தடம் மாற்றிவிடுகிறவர். பேரன் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது இவர்கள் பரமக்குடியில் ஒரு துட்டிக்கு (துக்க வீட்டுக்கு) போயிருந்தார்கள். திரும்பிப் போக வீடும் இல்லை, ஊரும் இல்லை. படங்கள் முன்பே பரமக்குடியில் பாட்டி வீட்டுப் பரணில் இருந்ததால் தப்பின.

எண்பதுகளில் குடும்பத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பால்பாயிண்ட் பேனாவில் குறிப்பு எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. அந்தக் குறிப்புகளில் முக்கால்வாசியில் புயல் வருகிறது. ‘புயலுக்கு முன் தனுஷ்கோடி’, ‘புயலில் உடைந்த பாலம்’, ‘புயலுக்குப் பின் அகதிகள்’ என்று. படங்களை ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தபோது, இந்தக் குறிப்புகளை வைத்தே பட்டியல் போட்டுவிடலாம் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள்.

தனுஷ்கோடி என்றதும் நம் எல்லோருக்கும் வருவது அந்த ஓர் இரவு. ஏறத்தாழ 1,800 பேர் இறந்தார்கள். பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. பாம்பன்–தனுஷ்கோடி ரயில் பாதை மறுபடி போடப்படவே இல்லை. இவ்வளவு பெரிய துக்கம் ஒரு ஊரின் மேல் விழுந்தால், அந்த ஊரைப் பற்றிய எந்தப் படத்தையும் துக்கத்தோடுதான் பார்க்கத் தோன்றும். அதில் ஒரு இழப்பு இருக்கிறது. 1914 முதல் 1964 வரை ஐம்பது வருடம் ரயிலும் கப்பலும் கைகோத்து ஓடிய ஊர் அது. அங்கே ஜனங்கள் என்ன வேலை பார்த்தார்கள், தண்ணீருக்கு என்ன செய்தார்கள், கடையில் என்ன விற்றது என்பதெல்லாம் படத்தின் ஓரங்களில் அப்படியே கிடக்கிறது. புயலை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர் கண்ணில் அது படுவதில்லை.

அதனால் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். பின்பக்கக் குறிப்பைக் கடைசியில் படிப்பது. முதலில் தண்டவாளம், அடுத்து பெட்டியிலும் பலகையிலும் உள்ள எழுத்து, அப்புறம் நிழலும் காற்றும், அதற்குப் பிறகு மனிதர்கள். டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் இங்கே சொல்லவில்லை. நான்கு படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கப்பல் துறைப் படம்

முதல் படத்தில் ஒரு நீண்ட இறங்குதுறை. ஒரு பக்கம் ஸ்டீமர் கட்டியிருக்கிறது, மறு பக்கம் ரயில் பெட்டிகள் நிற்கின்றன. தலையில் பெட்டி சுமந்த போர்ட்டர்கள், குடை பிடித்த ஒரு வெள்ளைக்காரப் பெண். பின்னால் ‘தனுஷ்கோடி துறைமுகம், புயலுக்கு முன்’ என்று எழுதியிருந்தது. இணையத்தில் இதே மாதிரிப் படம் இதே பெயரில் பலமுறை சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

தண்டவாளத்தைப் பார்த்தால் கதை வேறு. தென்னிந்திய ரயில்வே இந்தப் பக்கம் போட்டது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். அதன் மேல் ஓடும் பெட்டி பாதையின் அகலத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு அகலமாக இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி, உடம்பு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். இலங்கையில் தலைமன்னார் வரை வந்த பாதை 5 அடி 6 அங்குல அகலப் பாதை. அங்கே பெட்டியின் அகலம் பாதையைப்போல் இரண்டு மடங்கைக்கூட எட்டாது. படத்தில் கடைசிப் பெட்டியின் பின்முகம் நன்றாகத் தெரிகிறது. அதன் அகலத்தையும், அதன் அடியில் தெரியும் தண்டவாள இடைவெளியையும் ஸ்கேனில் அளந்தேன். இரண்டு மடங்குக்கும் குறைவு. மீட்டர் கேஜாக இருக்க வாய்ப்பே இல்லை. இது தனுஷ்கோடி இல்லை, எதிர்க்கரையான தலைமன்னார்.

ஸ்டீமரின் முகப்பில் பாதி எழுத்து படிக்க முடிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ‘கோஷன்’ என்று முடிகிறது. இந்தத் தடத்தில் முதலில் ஓடியவை கர்சன், எல்ஜின், ஹார்டிங் ஆகிய கப்பல்கள். பிற்பாடு வந்தவை இர்வினும் கோஷனும். கோஷன் என்பவர் சென்னை மாகாண ஆளுநராக வந்தது 1924-ல். அதற்கு முன்னால் அந்தப் பெயரில் ஒரு கப்பல் இங்கே ஓடியிருக்க முடியாது. ஆக, இடமும் மாறியது, காலத்துக்கும் ஒரு கீழெல்லை கிடைத்தது.

படம் தனுஷ்கோடி இல்லை என்றதும் குடும்பத்தார் முகம் கொஞ்சம் வாடியது உண்மை. என் பார்வையில் படத்தின் மதிப்பு கூடித்தான் போனது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறுகிறவர் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போனார். நடுவில் சுமார் 35 கிலோமீட்டர் கடல். தனுஷ்கோடி அந்தப் பயணத்தின் ஒரு பாதி, தலைமன்னார் மறு பாதி. ஒரு பாயிண்ட்ஸ்மேன் வீட்டு டப்பாவில் எதிர்க்கரைத் துறையின் படம் பத்திரமாக இருந்தது என்றால், அந்த வீட்டுக்காரர்களுக்கு அது தூரதேசமாக இருக்கவில்லை. இன்று தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனையில் நின்று ‘இதோடு இந்தியா முடிந்தது’ என்று செல்பி எடுக்கிறோம். அவர்களுக்கு அங்கே எதுவும் முடியவில்லை, வண்டி மாறினார்கள், அவ்வளவுதான்.

பாலத்தின் படம்

இது தடித்த பழுப்பு அட்டையில் ஒட்டிய பெரிய பிரிண்ட். கடலுக்குள் வரிசையாகத் தூண்கள். கரையோரம் சிலவற்றின் மேல் மட்டும் கர்டர்கள் (பாதையைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்), மற்ற தூண்கள் மொட்டையாக நிற்கின்றன. ஒரு பாரம் தூக்கி, சில கலாசிகள், சோலா தொப்பி போட்ட ஒருவர். குறிப்பு: ‘1964 புயலில் உடைந்த பாம்பன் பாலம்’.

அந்தக் குறிப்பு எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. 1964-ல் பாலம் ஏறக்குறைய இப்படித்தான் நின்றது. 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின, தூண்கள் நின்றன. கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடியெடுத்துத் தூக்கி மறுபடி வைத்து, அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் வண்டி ஓட்டினார்கள். மொட்டைத் தூணைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது அதுதான்.

ஆனால் அந்தப் புயலில் விழாத ஒன்று இருந்தது. நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப்பாலம். கப்பல் போவதற்காக இரண்டு கைகளாகத் திறந்துவந்த அந்தப் பகுதி, மற்ற கர்டர்களைவிட மிக உயரமாக, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தனியாகத் தெரிந்தது. இந்தப் படத்தில் தூண் வரிசை ஒரு கரையிலிருந்து எதிர்க்கரை மங்கலாகத் தெரிவது வரை முழுசாக இருக்கிறது. தூக்குப்பாலத்தின் உருவம் எங்கும் இல்லை. தூண்களின் அடியைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஐம்பது வருடம் உப்புத் தண்ணீரில் நின்ற தூணில் ஏறியிருக்க வேண்டிய பாசிக்கறையும் சிப்பிப் படிவும் காணோம். புது வேலை. கடலில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் இரும்பு ஒன்றும் இல்லை. அந்த அட்டையும், பழுப்பேறிய பிரிண்டும், அறுபதுகளின் வழக்கம் இல்லை.

பாலம் கட்டத் தொடங்கியது 1911-ல். திறந்தது 1914 பிப்ரவரி 24-ல். இந்தப் படம் அந்த இடைவெளியைச் சேர்ந்தது. உடைந்த பாலம் இல்லை, பாதி கட்டிய பாலம்.

இதைச் சொன்னபோது ஓய்வுபெற்ற கார்டு ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க ஐயா பாலம் கட்டுன காலத்துலயே வேலைக்கு வந்தாருன்னு எங்கப்பா சொல்லுவாக. அதுக்கு ஒரு சாட்சியும் இல்லையேன்னு நாங்க அந்தப் பேச்சையே விட்டுட்டோம்” என்றார். படத்தில் இருக்கும் கலாசிகளில் ஒருவர் அவர் பாட்டனார் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. ஆனால் இப்படி ஒரு படம் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு அந்தக் குடும்பப் பேச்சே பொருத்தமான காரணம். தவறான ஒரு வரி அந்த இரண்டையும் இத்தனை வருடம் பிரித்து வைத்திருந்தது.

கழுத்தில் வட்டத் தகடு

மூன்றாவது படம் பார்க்கச் சங்கடமானது. நீளமான கொட்டகைகளுக்கு முன்னால் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒரு கூட்டம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் துணி மூட்டைகள், ஓரிரண்டு தகரப் பெட்டிகள். பின்னணியில் குடை விரித்தாற்போல் தட்டையான தலையோடு நிற்கும் உடைமரங்கள். குறிப்பு: ‘புயலுக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள்’.

மரங்களும் கொட்டகையும் இடத்தைச் சொல்லிவிடுகின்றன: மண்டபம் கேம்ப். குடும்பத்துக் கார்டும் மூத்தவர்களும் அந்தக் கொட்டகை வரிசையை உடனே அடையாளம் காட்டினார்கள். சிக்கல், இவர்கள் போகிறவர்களா, வருகிறவர்களா என்பதில்.

பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு ஆளின் நெஞ்சில் கயிற்றில் கோத்த சிறு வட்டம் தெரிந்தது. தாயத்தாக இருக்கலாம் என்று விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்த்தால், அவருக்கும் அதே அளவில், அதே உயரத்தில். முன்வரிசையில் பெரியவர்கள் பலர் கழுத்திலும் அது இருக்கிறது. தாயத்து ஆளுக்கு ஆள் மாறும், கையிலும் இடுப்பிலும்கூடக் கட்டுவார்கள். இது ஒரே அச்சில் வார்த்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்பியபோது, எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதற்கு அடையாளமாக எண் பொறித்த தகடு ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவதற்கு அதுதான் ஆதாரம். மண்டபம் கேம்ப், இந்திய மண்ணிலேயே இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடை முகாம். காலரா, அம்மை பயத்தில் ஆட்களை இங்கே நாள்கணக்கில் வைத்திருந்து, பரிசோதித்து, ஊசி போட்டு, அதன் பிறகுதான் பாலம் தாண்டித் தனுஷ்கோடிக்கு ரயிலேற்றினார்கள். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. ஆகவே இந்தப் படம் அதற்கு முந்தியது.

திரும்பி வந்தவர்கள் கதை வேறு காலம், வேறு வழி. இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்வதற்கான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தனுஷ்கோடி போய்விட்டது. ஒப்பந்தப்படி வந்த லட்சக்கணக்கானோரில் கப்பலில் வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலரும் இதே மண்டபம் கேம்பைக் கடந்துதான் போனார்கள். அப்புறம் 1983-க்குப் பின் போர் அகதிகளும் இங்கேதான் வந்தார்கள். ஒரே இடம், மூன்று காலம். குறிப்பு எழுதியவர் தன் கண்ணால் கண்ட காலத்தைப் படத்தின் மேல் எழுதிவிட்டார். இந்தக் கடற்கரையில் இது சகஜமாக நடக்கிற கலப்பு. மூட்டையோடு உட்கார்ந்திருக்கிற எந்தக் கூட்டத்தையும் ‘அகதிகள்’ என்று எழுதிவிட்டால், வயிற்றுப்பாட்டுக்காகக் கழுத்தில் எண்ணை மாட்டிக்கொண்டு கிளம்பிய ஒரு தலைமுறையே கணக்கிலிருந்து காணாமல் போகும். அந்தத் தகட்டின் எண்ணைப் படிக்கும் அளவுக்குப் படம் தெளிவாக இல்லை. படிக்க முடிந்திருந்தால் எந்தத் தோட்டம் என்றுகூடத் தேடியிருக்கலாம்.

கடைத்தெருவில் ஒரு நண்பகல்

எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். உள்ளங்கை அளவு, ஓரம் பல்வெட்டாக வெட்டிய சிறிய பிரிண்ட். ஸ்டேஷன் மாஸ்டரின் மகனிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்ததாம், அவர் எடுத்துக் கொடுத்தது என்கிறார்கள். இடப்பக்கம் ரயில் பெட்டி ஒன்றின் பாதி. வலப்பக்கம் ஒரு பெட்டிக்கடையும் சுண்ணாம்பு பூசிய சுவரும். நடுவில் ஒன்பது, பத்து வயதுப் பெண், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. தூரத்தில் தண்ணீர்த் தொட்டி. ‘புயலுக்கு முன்’ என்று மட்டும் எழுதியிருந்தது. தவறில்லை, ஆனால் ஐம்பது வருடத்தில் எந்த நாள்?

பெட்டியின் மேல் இருந்த எழுத்து எஸ்.ஆர். தென்னிந்திய ரயில்வே மற்ற இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது 1951 ஏப்ரல் 14. அதற்கு முன் எஸ்.ஐ.ஆர். என்று மூன்றெழுத்து இருக்கும். ஆக 1951-க்கும் 1964-க்கும் நடுவே.

அடுத்து நிழல். இடிந்து நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் ஸ்டேஷன் சுவரும் இன்றைக்கும் தனுஷ்கோடியில் இருக்கின்றன. அவற்றை வைத்துப் படம் எடுத்தவர் நின்ற இடத்தையும், வடக்கு எது என்பதையும் கண்டுபிடிக்க முடிந்தது. விளக்குக் கம்பத்தின் நிழல் குட்டையாக, தெற்கு நோக்கி விழுகிறது. இதைக் கவனிக்க வேண்டும். தனுஷ்கோடி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஒருமுறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறையும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. ஜூனில் நாலு மீட்டர் கம்பத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் நிழல் தெற்கே. டிசம்பரில் அதே கம்பத்துக்கு இரண்டரை மீட்டர் நிழல் வடக்கே. படத்தில் நிழல் கம்பத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மே முதல் ஜூலை வரைக்குள், கடிகாரத்தில் பன்னிரண்டேகாலை ஒட்டிய நேரம். தூரத்தில் ஒரு எஞ்சினின் புகை வடகிழக்காகச் சாய்ந்து போகிறது. கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து வீசுவது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

வருடத்துக்குச் சுவர் உதவியது. சுண்ணாம்பின் மேல் நுகத்தடியோடு இரட்டைக் காளை வரைந்திருக்கிறது, வண்ணம் இன்னும் கெட்டியாக. காங்கிரசின் அன்றைய சின்னம். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் சுவரெழுத்து நாளாக நாளாக உதிரும், பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையும் அடிப்பார்கள். எனவே தேர்தல் நடந்த வருடமே. 1952, 1957, 1962 ஆகிய மூன்றில் ஒன்று. கடைப் பலகையில் சாக்பீஸில் ‘அணா’ என்று எழுதியிருக்கிறது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. புதுக்காசு வந்த பிறகும் அணாப் பேச்சு நெடுங்காலம் ஓடியது, ஆனால் ஐந்து வருடம் கழித்தும் கடைப் பலகையில் விலையை அணாவில் எழுதியிருக்க வாய்ப்பு குறைவு. 1962-க்கு வாய்ப்பு குறைந்தது.

இந்த இடத்தில் படத்தை அந்த ஒன்பது வயதுப் பெண்ணிடமே கொண்டு போனேன். இன்றைக்கு அவர் எண்பதை நெருங்கும் பாட்டி, கார்டின் மூத்த அக்கா. குறிப்பை மறைத்து, எதுவும் சொல்லாமல் படத்தை மட்டும் கையில் கொடுத்தேன்.

“இடுப்புல இருக்கது யாரு பெரியம்மா?”

“இவன்தான்” என்று தம்பியைக் காட்டினார். “அப்ப நடக்கல. பிடிச்சா நிப்பான்.”

தம்பியின் பிறந்த தேதி ரயில்வே பணிப் பதிவேட்டில் இருக்கிறது. 1956. 1952-ம் 1962-ம் கழிந்தன. மிஞ்சியது 1957, மே–ஜூலை.

அதன் பிறகுதான் அவர் உண்மையான விஷயத்துக்கு வந்தார். நான் கவனிக்காமல் விட்ட இரண்டு பானைக் கூட்டத்தைக் காட்டினார். தொட்டிக் குழாயடியில் பித்தளைக் குடங்கள் வரிசையாக இருக்கின்றன. அதிலிருந்து தள்ளி, மணல் பள்ளத்தின் விளிம்பில் மண்பானைகள். குழாயடியில் நிற்பது ரயில்வே வீட்டார், பள்ளத்தில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு ஊற்றுவது கடல் தொழில் பார்க்கிற வீட்டார் என்றார். குழாய்த் தண்ணீர் எஞ்சினுக்கும் வேண்டும் என்பதால் அளந்துதான் விடுவார்களாம், அது நின்றால் இவர்களும் ஊற்றுக்கே போவார்களாம். சுற்றிலும் இரண்டு கடல் இருந்தும், மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கிற ஊர் அது. இன்றும் அங்கே ஊற்றுத் தோண்டுகிறார்கள்.

“தென்கடல் கோவமா இருக்க மாசம் இது. கரைவலை எல்லாம் வடகடல் பக்கம் போயிரும். அதான் தெருவுல ஆம்பளையாளுக இல்ல” என்றார். நிழலையும் புகையையும் வைத்து நான் சொன்ன மாதத்தை, தெருவில் யார் இல்லை என்பதை வைத்து அவர் சொல்லிவிட்டார். கடைக்கு முன்னால் அடுக்கியிருந்த ஓலைக்கூடைகள் கருவாடு என்றும், மத்தியான வண்டிக்குப் போவதற்காக வைத்திருப்பது என்றும் சொன்னார்.

அப்புறம் அவரே சொன்னது: “புயலப் பத்திக் கேக்க எத்தனையோ பேரு வந்துட்டாக தம்பி. நாங்க எங்க தண்ணி எடுத்தோம்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் கேக்குறீக.”

நான் கேட்கவில்லை, படம்தான் கேட்டது. வயதானவர்களிடம் நேரடியாக ‘அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால், நூறு தடவை சொல்லிப் பழகிய புயல் கதைதான் வரும். குறிப்பில்லாத படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், விரல் தானாக ஒரு பானையின் மேல் போய் நிற்கிறது. பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் இதை இப்போதே செய்ய வேண்டும். 1957-ல் ஒன்பது, பத்து வயதாக இருந்தவர்கள்தான் இனி நமக்கு மிச்சம்.

டப்பாவுக்கு என்ன செய்தோம்

இந்தக் கடற்கரையில் படங்களுக்குப் பெரிய எதிரி ஈரக்காற்று. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த இரண்டு படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. அவற்றைப் பிரிக்காமல் கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்து வைத்தோம். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, செலோடேப் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக லேமினேஷன் கூடாது. பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேட் செய்த படத்தை மறுபடி மீட்கவே முடியாது. பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, தாளின் பெயர், கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும்.

எண்பதுகளில் எழுதிய குறிப்புகளை அழிக்கவில்லை. அவையும் ஒரு காலத்தின் சாட்சிதான். ஒவ்வொரு படத்தையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, புதுக் குறிப்பை உறையின் மேல் பென்சிலில் எழுதினோம். என்ன முடிவு, எதை வைத்து அந்த முடிவு என்று இரண்டும் இருக்கும். முதல் உறையில் ‘தலைமன்னார் துறை. அகலப் பாதை. கோஷன் கப்பல். 1924-க்குப் பின்’. இரண்டாவதில் ‘பாம்பன் பாலம் கட்டும்போது. தூக்குப்பாலம் இல்லை. 1911–14’. மூன்றாவதில் ‘மண்டபம் கேம்ப். தோட்டத்துக்குப் போகிறவர்கள். கழுத்தில் தகடு. 1939-க்கு முன்’. நான்காவதை அந்தப் பாட்டியே சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘தனுஷ்கோடி கடைத்தெரு, 1957 மே–ஜூலை, மத்தியானம். குழாயில் தண்ணீர் வந்த நாள்.’